ஒன்றேகால் மணி நேரத்தில் மதுரை

தங்கை மகனுக்குக் காதுகுத்து, மதுரைக்குப் பக்கத்தில் திருமங்கலத்தில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமனாகிய நானோ ஓசூரில் ஒரு வண்டித் தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் மாட்டிக்கொண்டிருந்தேன். லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதற்குள் நான் போகாவிட்டால் சித்தப்பா மகன் மடியில் உட்கார வைத்துவிடுவார்கள். அவன் மடியிலா? விட்டுவிடுவேனா!

ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் போனால் பந்தியே முடிந்திருக்கும். விமான டிக்கெட் போட்டேன். வாழ்க்கையில் முதல் விமானம். பயண நேரம் ஒன்றேகால் மணி என்று போட்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கூட வேலை பார்ப்பவர்களிடமெல்லாம், "நீங்க பக்கத்துல இருக்கற பேரிகை ஊருக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள நான் மதுரையில நிப்பேன்" என்று அளந்தேன். பிள்ளைகளோடு முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்ட மனைவியிடமும் போனில் அதையே சொன்னேன். அவள் ஓசூருக்குப் பக்கத்துக் கிருஷ்ணகிரிக்காரி. என் ஜம்பமெல்லாம் அவளிடம் செல்லாது.

"ஏங்க, ஏரோப்ளேன் என்ன ஓசூர் பஸ் ஸ்டாண்டுலயா நிக்குது?" என்றாள்.

அவள் சொன்னது எனக்கு உறைத்தது பெங்களூருக்குள் நுழைந்ததும் மாட்டிய பொம்மனஹள்ளி நெரிசலில். ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு டாக்சி ஏறியிருந்தேன். விமான நிலையம் பெங்களூரையும் தாண்டி வடக்குக் கோடியில். மதுரையோ தெற்கே. தெற்கே போக வேண்டியவன் மெனக்கெட்டு வடக்கே போய்க்கொண்டிருந்தேன், அதுவும் நகராத வண்டியில். டிரைவரிடம் புலம்பினேன்.

"ப்ளைட்டு ஒன்னேகால் மணி நேரந்தான் சார். அதுல போய் ஏர்றதுக்குத்தான் அரை நாளு ஆவும்" என்றவர், குறுக்கே வந்த ஆட்டோவைக் கன்னடத்தில் திட்டத் தொடங்கினார்.

ஒருவழியாக விமான நிலையம் வந்து, ஓடிப்போய்ச் சோதனைக்கு நின்றால், பீப்! என் காலில் இருந்தது கம்பெனி ஷூ. பாரம் விழுந்தாலும் விரல் நசுங்காதபடி முன்னால் இரும்பு வைத்தது. கழற்றித் தட்டில் வைத்து, திரும்ப மாட்டி, லேஸ்கூடக் கட்டாமல் ஓடினேன். கடைசி ஆளாக உள்ளே போய் விழுந்தேன்.

மேலே ஏறிக் கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியே பார்த்தேன். ஏரி, மேம்பாலம், தொழிற்சாலைகளின் நீலநிறக் கூரைகள். அடப்பாவி, நம்ம ஓசூர்! காலையிலிருந்து நாயாய்ப் பேயாய் அலைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டு அம்மா கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தார்.

மதுரையில் இறங்கி, இன்னொரு டாக்சி பிடித்து, திருமங்கலம் கோயிலுக்குள் நான் நுழையவும் சித்தப்பா மகன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மனையில் உட்காரவும் சரியாக இருந்தது.

"எந்திரிடா!" என்றேன்.

பையனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஆசாரி ஊசியை வைத்ததும் என் யூனிபார்ம் காலரைப் பிடித்துக்கொண்டு வீறிட்டான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அத்தனை சந்தோஷம்.

பந்தியில் உறவுக்காரர் ஒருவர், ஓசூரிலிருந்து வர எவ்வளவு நேரமாச்சு என்று கேட்டார். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஒன்னேகால் மணி நேரந்தான்" என்றேன்.

பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த தங்கை நிமிர்ந்தாள்.

"அம்புட்டுத்தானா? இத்தன வருசமா ஓசூரு தூரம், ஓசூரு தூரம்னு தீவாளிக்குக்கூட வராம இருந்தியேண்ணே! இனிமே மாசாமாசம் வந்துரு" என்று இன்னொரு கரண்டி ஊற்றினாள்.