கறிக்கடைக்காரர் பிடித்த கை

முப்பது வருடம் ஆடு வெட்டிய கறிக்கடைக்காரர், முதன்முதலாகக் கடையைப் பூட்டிவிட்டு மனைவியோடு வெளிநாட்டு நகரம் பார்க்கப் போனார். கோட்டையைச் சுற்றிவிட்டுத் தெருவோரக் கடையில் பொரித்த மீன் தின்றுகொண்டிருந்தபோது, ஒருவன் அவள் பையைப் பறித்தான். இருவரின் பாஸ்போர்ட்டுகளும் அதில்தான் இருந்தன. அவள் பையின் வாரை விடவில்லை. தரையில் இழுபட்டு முழங்கை கிழிந்தது.

கறிக்கடைக்காரர் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். மூட்டு எங்கே கழலும் என்று அவர் விரலுக்கே தெரியும். ஒரே திருகில் மளுக்கென்றது. அவன் அலறிக்கொண்டு பையை விட்டான். அவர் மறுகையையும் பிடித்தார்.

"பைதான் வந்திருச்சே, விடுங்க. அது ஆட்டுக்கால் இல்ல."

"உன்னைத் தரையில இழுத்தான்டி."

"இழுபட்டவ நான் சொல்றேன், விடுங்க."

விட்டார். அவன் கை தொங்க ஓடினான். அவள் முழங்கையில் கைக்குட்டையைக் கட்டப் பார்த்தார். அவர் விரலில் முடிச்சு விழவில்லை. கடைசியில் அவளே பல்லால் கடித்து இறுக்கினாள்.