டயர் ஓரத்து அப்பாவும் பன்னிரண்டு அடித் திரையும்

கல்யாண மண்டபத்துத் திரையில் ஓடுகிற குடும்பப் படங்களைத் தயாரிக்கும் தொழிலில், தாலி கட்டுகிறவரைவிட அதிகம் வியர்ப்பது நாம்தான். அடுத்தவர் போனில் இருக்கும் போட்டோக்களை நம்பிப் பிழைக்கும் என் சக பாவிகளுக்கு இது புரியும். சின்னப் படத்தை இழுத்தால் முகம் கட்டம் கட்டமாக உடையும். பெரிய படங்களை அள்ளிப் போட்டால் கம்ப்யூட்டர் உயிரை விடும். மோகனூர்க் கல்யாணம் ஒன்றில் இரண்டும் சேர்ந்து வந்தன.

மிளகு அளவு முகம்

மணப்பெண் சுகன்யாவின் அப்பா, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே ஊர் ஊராகப் போய் போர் போட்டவர். அங்கேயே ஒரு விபத்தில் இறந்துவிட்டார். வரவேற்பில் அப்பா முகம் ஒரு தடவையாவது திரை நிறைய வர வேண்டும் என்பதுதான் அந்தப் பெண்ணின் ஒரே ஆசை. வரும் என்று நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

தாய்மாமன் வாட்ஸப்பில் படங்களை அனுப்பினார். எல்லாமே ஆயுத பூஜையன்று எடுத்தவை. வாழைக்கன்று கட்டிய ரிக் வண்டி முழுசாகத் தெரிந்தது. மனிதர் மட்டும் டயர் ஓரத்தில் சுண்டுவிரல் உயரத்தில் நின்றார். முகத்தை வெட்டி எடுத்தால் மிளகு அளவுதான் தேறும். ஒரிஜினல் கேட்டால், போன் விபத்திலேயே போய்விட்டதாம். வீட்டில் மாலை போட்ட படம் இருக்குமே என்றேன். இருந்தது. மங்கிய லைசென்ஸ் படத்தின் மேல் ஸ்டூடியோக்காரர் பூசி மெழுகி, கோட்டும் டையும் மாட்டிவிட்டிருந்தார். அதை வைக்கலாமா என்றதுமே சுகன்யா மறுத்துவிட்டாள்.

"அது வேண்டாங்ண்ணா. எங்கப்பா கோட்டே போட்டதில்லீங்க, அது ஆரோ ஆபீசருங்க."

ஆப் உருவாக்கிய மனிதர்

மங்கிய முகத்தைத் தெளிவாக்கும் ஆப் ஒன்றில் அந்த மிளகைப் போட்டேன். நிமிஷத்தில் பளிச்சென்று ஒரு முகம் வந்தது. வழவழவென்று தோல், வரிசையான பல். அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. இது அவரா இல்லையா என்று சொல்ல எனக்கு வழியில்லை.

சுகன்யாவின் அம்மாவிடம் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். சேலைத் தலைப்பு வாய்க்குப் போனது. அழுகிறார் என்று நினைத்தேன்.

"ஏனுங்க தம்பி, இவரு ஆருங்க? எனக்குப் பயமா இருக்குதுங்க, மூடி வைங்க."

பாயசத்தின் எடை

நிச்சயதார்த்தத்தைத் தாய்மாமன் மகன் புதுக் கேமராவில் எடுத்திருந்தான். பாயசத்து முந்திரியில் பல்பட்ட தடம்கூடத் தெரியும். ஒவ்வொரு படமும் அவ்வளவு பெரிய சைஸ். செத்துப்போன மனிதர் மிளகு, முந்திரி மட்டும் மலை. எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப் போட்டதும் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்தது. மறுநாள் வரவேற்பு. செய்ததெல்லாம் திரும்பத் திறக்குமா என்பதே தெரியவில்லை. ஒருவழியாகத் திறந்ததும், படங்களைத் திரைக்கு வேண்டிய அளவுக்குச் சுருக்கி நகல் எடுத்து, அவற்றை வைத்தேன். பிறகுதான் ஓடியது. சைஸைக் குறைத்துவிட்டதாகச் சொன்னதும் தாய்மாமன் பதறிவிட்டார்.

"பாயசத்தைக் கொறைச்சாப் பரவால்லீங்க, எங்க மச்சானைக் கொறைச்சுப்போடாதீங்க சாமி!"

திரை

வரவேற்பன்று மதியம் மண்டபத்தில் ஓட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு அடித் திரையில், ஆப்பை விட்டுவிட்டு நானே பெரிதாக்கி வைத்த மிளகு முகம் கட்டம் போட்ட லுங்கி மாதிரி உடைந்தது. மகள் இதையா பார்க்க வேண்டும்? அங்கேயே உட்கார்ந்து அந்த முகத்தை நீக்கினேன். முழுப் படத்தையும், வண்டியும் வாழைக்கன்றுமாக, அப்படியே வைத்தேன். அது உடையவில்லை. ஆனால் கொடுத்த வாக்கு உடைந்திருந்தது.

மாலையில் படம் ஓடியபோது ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வண்டி வந்தது, டயர் ஓரத்தில் அவர் வந்தார். முடிந்ததும் சுகன்யா மேடையிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். திட்டு வாங்கத் தயாராகப் போனேன். அவள் கண் சிவந்திருந்தது.

"மொகம் பெருசா வரலீங்ண்ணா. ஆனா சின்னதுல வண்டி ஊருக்கு வந்து நின்னா, எங்கப்பா இத்தனை தூரத்துலதானுங்க தெரிவாரு. அங்கிருந்துதான் நான் அவருகிட்ட ஓடுவேன்."

திரையைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பயம்தான், அதனால் ஆயுத பூஜைக்கு யார் வண்டியைப் படம் எடுக்கக் கூப்பிட்டாலும், டயர் ஓரத்தில் நிற்கிறவரை முதலில் பக்கத்தில் அழைத்து, அவர் வேண்டாமென்றாலும், முகத்தைத் தனியாக ஒரு படம் எடுத்துவிடுகிறேன்.