பாலத்தில் யார் நிற்பது

சூசையம்மாளுக்குப் பயம் காலைக் காப்பி மாதிரி. அது இல்லாமல் அவளுக்கு விடியாது. அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவள் அண்ணன் தனிஸ்லாஸ் தனியார் பஸ் டிரைவர். காலையில் உசிலம்பட்டியில் வண்டியை எடுத்து மதுரைக்கு வருவார். அதே நேரத்துக்கு மதுரையிலிருந்து கருத்தக்கண்ணன் என்பவர் வேறு கம்பெனி வண்டியை எடுத்துக்கொண்டு எதிரே போவார். செக்கானூரணிக்கும் காளவாசலுக்கும் நடுவில் ஓர் ஓடைப் பாலம் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். இரண்டு பேரும் தினமும் அந்தப் பாலத்தில்தான் முட்டிக்கொண்டார்கள்.

யார் முதலில் ஹெட்லைட்டைப் போட்டுக் காட்டுகிறாரோ அவருக்கே வழி. ரோட்டில் அது எழுதாத சட்டம். ஆனால் இரண்டு பேருமே தான்தான் முதலில் போட்டேன் என்று சத்தியம் செய்வார்கள். நின்று வழிவிட்டால் அடுத்த ஸ்டாப் கூட்டம் பின்னால் வருகிற வண்டிக்குப் போய்விடும். அதைவிடப் பெரிது, டீக்கடையில் பெயர் நாறிப்போகும். ஆம்பிளைகளுக்கு உயிரைவிட டீக்கடை முக்கியம்.

நானும் சூசையும் செக்கானூரணிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துக்குக் காளவாசலிலிருந்து போய் வந்தோம். நான் தமிழ் டீச்சர், அவள் கணக்கு டீச்சர். எண்பத்து மூன்றில் அவள் தபால் வழியில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தாள். அதில் கேம் தியரி என்று ஒரு பாடம். எதிராளி என்ன செய்வான் என்று யோசித்து நம் முடிவை எடுக்கிற கணக்காம். ஆடுபுலி ஆட்டம் ஆடுகிறவனுக்கு இதுக்கெல்லாம் எம்.எஸ்ஸி. எதற்கு என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. அந்த வாரம்தான் பாலத்தில் இரண்டு வண்டியும் உரசி, பக்கக் கண்ணாடி நொறுங்கி, தனிஸ்லாஸுக்கு முழங்கையில் தையல் போட்டிருந்தது. அப்பா இல்லாத வீட்டில் லாரி கிளீனராகப் போய் அவளைப் படிக்க வைத்த அண்ணன் அவர்.

"நீ நின்னு போனா என்னண்ணே?" என்று அழுதிருக்கிறாள்.

"நான் ஒரு நாள் நின்னேன்னு வையி, அவன் ஆயுசுக்கும் நிக்க மாட்டான்" என்று அவர் சொல்லியிருக்கிறார்.

கொடுமை என்னவென்றால், அவள் புத்தகமும் அதையேதான் சொன்னது. ஸ்டாஃப் ரூமில் நாலு கட்டம் போட்டுக் காட்டினாள். ஒருவர் நின்றால் மற்றவருக்கு லாபம். இரண்டு பேரும் நின்றால் இரண்டு பேருக்கும் கொஞ்சம் நஷ்டம். இரண்டு பேரும் நிற்காத கட்டத்தில் என்ன எண் போடுவது என்று அவளுக்குக் கை வரவில்லை.

"புத்தி சொல்லிப் பிரயோசனமில்லக்கா. முட்டிக்கிட்டா ரெண்டு பேருக்குமே தாங்க முடியாத இழப்பு வரணும். அது வண்டி எடுக்கும்போதே அவுகளுக்குத் தெரியணும்" என்றாள்.

அவள் திட்டம் இதுதான். கருத்தக்கண்ணன் வண்டியில் இவள் ஏறுவது. தனிஸ்லாஸ் வண்டியில் கருத்தக்கண்ணன் மனைவி சின்னத்தாய் ஏறுவது. அவரவர் வீட்டில் அவரவர் முன்கூட்டியே சொல்லிவிடுவது. எதிர் வண்டியில் தன் உயிர் உட்கார்ந்திருந்தால் எவன் மோதுவான்?

சின்னத்தாய் செக்கானூரணிக்காரி. காளவாசல் கடைகளுக்கு முட்டை கொண்டுபோய்ப் போடுகிறவள். அவள் வீட்டுக்கே போய்ப் பேசினோம்.

"நான் ஏறி, நீங்க ஏறாம விட்டீகன்னா?" என்று கேட்டாள் அவள்.

"எனக்கும் அதே பயந்தான்" என்றாள் சூசை.

பிறகு சின்னத்தாய், "திங்கக்கிழம ஏறுறேன் டீச்சர்" என்றாள்.

சூசை அண்ணனிடம் சொன்னாள். அவர் கத்தித் தீர்த்தார். திங்கட்கிழமை காளவாசலில் அவள் கருத்தக்கண்ணன் வண்டியில் ஏறி, டிரைவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். எனக்கு வேறு வேலை இல்லையா என்று என்னையே திட்டிக்கொண்டு நானும் ஏறினேன்.

பாலம் தெரிந்தது. எதிரே தனிஸ்லாஸின் வண்டியும் தெரிந்தது. கருத்தக்கண்ணன் ஹெட்லைட்டைப் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தார்.

"அண்ணே, நிறுத்துங்கண்ணே! உங்க சம்சாரம் அந்த வண்டியில இருக்காங்க!" என்று சூசை அலறினாள்.

"எஞ் சம்சாரம் வீட்டுல இருக்கு. சும்மா உக்காரும்மா."

சின்னத்தாய் வரவில்லை என்று நினைத்துச் சூசை என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. இவளைப் பணயமாக வைத்து இவள் அண்ணனை மட்டும் பணிய வைத்துவிட்டோமே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தனிஸ்லாஸ் வண்டியை இடது பக்கம் ஒடித்து மண்ணில் இறக்கினார். அது ஓடைப் பக்கம் சாய்ந்து, ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்க, அப்படியே நின்றது. நாங்கள் பாலத்தைத் தாண்டினோம். கருத்தக்கண்ணன் ஜெயித்த முகத்தோடு அந்த வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

முன் சீட்டுக் கம்பியைக் கட்டிக்கொண்டு சின்னத்தாய் உட்கார்ந்திருந்தாள். மடியெல்லாம் உடைந்த முட்டை.

அவர் எப்படி பிரேக் போட்டார், எப்படி இறங்கினார் என்று தெரியாது. ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்தார்.

"நீ எதுக்குடி இதுல ஏறுன?"

"நான் இருக்கேன்னு தெரிஞ்சா நின்னுருப்பீகளா?"

"நிக்காம?"

"அப்ப நான் இல்லாத அன்னைக்கு?"

வண்டிக்குள் இருந்தவர்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

சூசை அவளிடம் ஓடி, "ஏன் அவர்கிட்டச் சொல்லல?" என்று கேட்டாள்.

"சொன்னா ஏற விட்டுருவாரா டீச்சர்?"

சூசை ரோட்டோரத்தில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். புருஷனிடம் வாய் திறக்க முடியாத வீடும் உண்டு என்பது எங்கள் இரண்டு பேரின் படிப்புக்கும் எட்டவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு சின்னத்தாய் முட்டைக் கூடையோடு சில நாள் தனிஸ்லாஸ் வண்டியில் ஏறுவாள், சில நாள் ஏறமாட்டாள். எந்த நாள் என்று கருத்தக்கண்ணன் கேட்டுப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். "கூட்டத்தப் பாத்து ஏறிக்கிருவேன்" என்பதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் தினமும் பாலத்துக்கு இந்தப் பக்கமே வண்டியை நிறுத்திவிட்டு, எதிர் வண்டியின் ஜன்னல்களைத் தேட ஆரம்பித்தார்.

சூசையின் அண்ணனும் அவளைக் கேட்காமல் விட்டபாடில்லை.

"நாளைக்கு எந்த வண்டியில போற?" என்று ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டார்.

"தெரியலண்ணே" என்றாள் சூசை.