மூன்று சட்டிகள்

எங்கள் பகுத்தறிவு மன்றத்தில் யாராவது ஒரு சாமியாரையோ குறிசொல்பவரையோ சோதிக்கப் போவதாகப் பேச்செடுத்தால், நான் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வைக்கப் போகிறீர்கள்?" என்பதுதான். எத்தனை உறை, எத்தனை டப்பா, எத்தனை பாத்திரம். புதிதாகச் சேர்ந்தவர்கள் சிரிப்பார்கள். இந்தம்மாவுக்கு ரிட்டயர் ஆகியும் கணக்கு டீச்சர் புத்தி போகவில்லை என்று முதுகுக்குப் பின்னால் சொல்வதும் எனக்குத் தெரியும். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தக் கேள்வியை நான் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்ளவில்லை.

எழுபதுகளின் நடுவில் நான் செங்கல்பட்டில் ஹாஸ்டலில் தங்கி ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குப்பம் கடப்பாக்கத்தை ஒட்டிய கடலோரம். கடலுக்குப் போன அப்பா திரும்பி வராத வருஷத்திலிருந்து அம்மா கூடை தூக்கினாள். விடியலில் கரையில் மீனை ஏலம் எடுத்து, பஸ் ஏறிப் போய், கருங்குழித் தெருக்களில் கூவி விற்றுவிட்டு வருவாள். என் படிப்பு முழுக்க அந்தக் கூடையில்தான் நடந்தது.

பக்கத்து வீட்டு அத்தையின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தைக்குக் காப்பு போட்ட அன்று அம்மா அங்கே வெந்நீர் போட்டுக் கொடுத்து, பாத்திரம் தேய்த்து, ஒத்தாசையாக இருந்தாள். சாயங்காலம் பார்த்தால் அத்தையின் தங்கச் சங்கிலியைக் காணோம். வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினார்கள். கிடைக்கவில்லை என்றதும் மைக்காரரைக் கூப்பிட்டு வந்தார்கள்.

மை போட்டுப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் போலீசுக்குப் போவதைவிட மரியாதையான காரியம். வெற்றிலையில் கறுப்பு மையைத் தடவி, கற்பூர வெளிச்சத்தில் உற்றுப் பார்த்து, எடுத்தவர் உருவம் தெரிகிறது என்று சொல்வார்கள். இவர் வெள்ளை வேட்டி கட்டிய, மெதுவாகப் பேசுகிற பெரியவர். யாரையும் மிரட்ட மாட்டார். வந்தவுடன் வெற்றிலையை எடுக்கவும் மாட்டார். அத்தை வீட்டில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே அன்றைக்கு யார் யார் வந்தார்கள், யார் கடைசியாகப் போனார்கள் என்று எல்லோரையும் பேசவிட்டார். அதற்குப் பிறகுதான் மையில் ஒரு பொம்பளை தெரிந்தாள். புருஷன் இல்லாதவள், தலையில் கூடை வைத்திருக்கிறவள். அவ்வளவு நேரம் கேட்ட காதுக்கு மை எதற்கு என்று எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

நான் அப்போது ஹாஸ்டலில் இருந்தேன், இதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. பஞ்சாயத்தில் அம்மா பயப்படவே இல்லை. அந்த அம்மாவைத்தான் நான் மனதில் வைத்திருக்க விரும்புகிறேன்.

"மையில என் உருவம் தெரிஞ்சா எனக்கும் காட்டு. நானும் பாக்கறேன்" என்று மைக்காரரிடம் கையை நீட்டினாள். வெற்றிலையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு வெத்தலதான் தெரியுது" என்று திருப்பிக் கொடுத்தாள். ரெண்டு பேர் சிரித்தார்கள். ஆனால் சிரித்தவர்களும் சேர்ந்துதான் தீர்ப்புச் சொன்னார்கள். சங்கிலி திரும்பி வரும்வரை அவள் ஏலத்துக்கு வரக்கூடாது.

அதோடு போகவில்லை. பஸ்ஸில் அவளோடு இடித்துப் பிடித்து உட்காரும் பெண்கள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு இடமில்லை என்றார்கள். அவள் பக்கத்து ஊர்க் கரைக்கு நடந்து போய்க் கழித்துப் போட்ட மீனை வாங்கி விற்றாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லீவில் வந்தபோது ஊர்ப் பிள்ளைகள் எங்கள் வாசலில் பாடிய பாட்டிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு அவமானத்தில் உடம்பு எரிந்தது.

செங்கல்பட்டில் அப்போது பகுத்தறிவுப் பேச்சுப் பேசும் ஒரு சின்னக் கூட்டம் இருந்தது. ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவர்தான் அதற்குத் தலைவர். மாமல்லபுரம் கடற்கரையில் அவர் நிகழ்ச்சி நடத்தியதை ஹாஸ்டல் பிள்ளைகளோடு போய்ப் பார்த்திருக்கிறேன். வெறுங்கையில் திருநீறு வரவழைப்பார், நாக்கில் கற்பூரம் கொளுத்துவார், பிறகு அதை எப்படிச் செய்தேன் என்று கூட்டத்துக்கே சொல்லிக் கொடுப்பார். பார்த்தவர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். நான் அவரைத் தேடிப் போய் அம்மாவின் கதையைச் சொன்னேன். கேட்டு முடிக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. "ஞாயித்துக்கெழம வரேம்மா. ஊரே பாக்கற மாதிரி அந்த ஆள் சாயத்த வெளுத்துட்டு வரேன்" என்றார். நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

சொன்னபடி இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வலை உலர்த்தும் மணலில் ஊர் கூடியது. மைக்காரரும் வந்தார். ரயில்வேகாரர் தன் மோதிரத்தைக் கழற்றிக் காட்டி, பத்து மண்சட்டிகளைக் கவிழ்த்து ஒன்றின் அடியில் இதை வைக்கிறேன், மையைப் பார்த்து எதில் என்று சொல்லட்டும் என்றார்.

மைக்காரர் கோபப்படவில்லை. "தம்பி, பத்து சட்டி பாக்கற வயசா எனக்கு? கண்ணு மங்கிப்போச்சு. மூணு வெய்யி, பாத்துச் சொல்றேன்."

ரயில்வேகாரர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "மூணு இன்னா பெரியவரே, ரெண்டு வெச்சாலும் உங்களால முடியாது."

அப்போது பஞ்சாயத்தில் மூத்தவர் எழுந்தார். "செரி. இவுரு கரீட்டா சொல்லிட்டா, சங்கிலிய எடுத்தது அந்தப் பொம்பளதான்னு ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேன்."

ரயில்வேகாரர் எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. அம்மாவின் பெயரைப் பந்தயத்தில் வைக்க அவருக்கு யார் அனுமதி கொடுத்தது? அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளுக்குத் தைரியமாகத் தலையாட்டினேன். அப்படி ஒரு சக்தியே கிடையாது, அதனால் மைக்காரர் தோற்றுத்தான் ஆக வேண்டும் என்று ரயில்வேகாரர் நம்பினார். நானும் அவரைப் போலவேதான் நம்பினேன்.

மைக்காரரைப் பள்ளிக்கூடத்துக்குள் உட்காரவைத்துவிட்டு, ஊர் பார்க்க மோதிரத்தை நடுச்சட்டியின் அடியில் வைத்தார்கள். பிறகு அவரை அழைத்து வந்தார்கள். வெற்றிலையைக் கையில் ஏந்தி ஒவ்வொரு சட்டியின் அருகிலும் நின்று நின்று நடந்தார். நிற்கும்போதெல்லாம் நிமிர்ந்து எங்கள் முகங்களையும் பார்த்தார். ஒருவேளை எங்கள் முகங்கள் சொல்லியிருக்கலாம். ஒருவேளை வெறும் குருட்டு அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் நடுச்சட்டியைத் தொட்டார்.

கூட்டம் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு பெரிய பெருமூச்சு மட்டும் கேட்டது. அத்தை மைக்காரரின் காலில் விழுந்தாள். ரயில்வேகாரரின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"இன்னொரு வாட்டி வைப்போம். இது தற்செயல். இன்னொரு வாட்டி."

"தோத்தவன் எல்லாம் இன்னொரு வாட்டின்னுதான் கேப்பான்" என்றார் மூத்தவர். "பஸ்சுக்கு நேரமாச்சு, கெளம்பு அண்ணாத்த."

அடுத்த வாரம் ரயில்வேகாரர் தனியாக வந்தார். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு, மூன்றில் ஒன்று கண்ணை மூடிக் காட்டினாலும் மாட்டும் என்று அம்மாவுக்கு விளக்கினார். அம்மா டீ கொடுத்தாள்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, நைனா" என்றாள்.

அவர் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். அவர்மீது எனக்கு இருந்த கோபம் பல வருஷம் போகவில்லை. இப்போது அவர் வழியிலேயே நானும் ஊர் ஊராகப் போகிறேன் என்பது வேறு விஷயம்.

ஊர் அம்மாவைத் திருடி என்றது எனக்குத் தாங்கமுடியாததாக இருந்தது. ஆனால் அதைவிட மோசமான ஒன்று வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தது. அடுத்த லீவில் வந்தபோது, அம்மா பாயை உதறி உதறிப் பார்ப்பதைக் கவனித்தேன். அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவினாள். பழைய புடவைகளின் மடிப்பைப் பிரித்தாள்.

"இன்னாம்மா தேடற?"

"ஒண்ணுமில்ல."

சமைத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்டாள்: "அந்த ஆளு எப்டிடி சட்டிய கரீட்டாக் காட்னான்?"

நான் மூன்று கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் புளியங்கொட்டையை வைத்து, அவளையே கண்ணை மூடித் தொடச் சொன்னேன். சில தடவை சரியாகத் தொட்டாள். பாத்தியா, உனக்கும் மை இல்லாமலே தெரியுதே என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"சட்டிக்கு செரி" என்றாள். அப்புறம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "ஒருவேள நான் தெரியாத எடுத்து எங்கனா வெச்சிட்டனா? வேல ஜாஸ்தி அன்னிக்கி. எனுக்குத் தலையே சுத்திகினு இருந்துது" என்றாள்.

நான் கத்திவிட்டேன். உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்டேன். கோபம் மாதிரி வெளியே வந்தது பயம்தான். வெற்றிலையை வாங்கிப் பார்த்துவிட்டு வெற்றிலைதான் தெரிகிறது என்று சொன்னவள் அவள். இப்போது அவள் தன் வீட்டையே ராத்திரியும் பகலும் சோதனை போட்டுக்கொண்டிருந்தாள். ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகு எனக்குப் பாடம் எதுவும் மண்டையில் ஏறவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் அத்தை வீட்டுக் கூரையைப் பிரித்து மேய்ந்தார்கள். அன்று நான் ஊரில் இருந்தேன். பழைய ஓலையை இழுத்துக் கீழே தள்ளும்போது கரிப்பொடியோடு சங்கிலியும் வந்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஊருக்கே அது தெரிந்துவிட்டது. அதற்கான விளக்கமும் கூடவே வந்துவிட்டது: மைக்குப் பயந்துபோய் ராத்திரியில் கொண்டுவந்து சொருகிவிட்டாள். மைக்காரரின் புகழ் இன்னும் ஏறியது. ஏலத்துக்கு வரலாம் என்று அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள், மன்னித்துவிட்டவர்கள் மாதிரி.

பொழுது சாய்ந்த பிறகு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது சங்கிலி அதன் மேல் கீறியதாம். கழற்றிக் கூரை இடுக்கில் அவளே சொருகியிருக்கிறாள். ஓலைக்குள் நழுவியிருக்க வேண்டும். சங்கிலியைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்ததாம்.

"ஊர்ல சொல்ல எனுக்கு வாய் வரல, அண்ணி" என்றாள். "உன்கிட்டயாவது சொல்லிட்லாம்னு வந்தேன்."

நான் அவளை அறைந்திருப்பேன். ஊர் நடுவில் இழுத்துக்கொண்டு போய்ச் சொல்லவைத்திருப்பேன். அதற்காக எழுந்தும் விட்டேன். அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் அத்தையைத் திட்டவில்லை, அழவும் இல்லை. அத்தை போன பிறகும் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பல மாதமாக நான் பார்க்காத ஒரு நிம்மதி அவள் முகத்தில் வந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, எனக்குத் தெரியாத ஒரு செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அப்போ நான் எடுக்கலடி."