நேராகப் போன சாக்கடை

சங்கரன்கோவிலில் சோடாக் கடை வைத்திருந்த சண்முகையா 1952-இல் பஞ்சாயத்து போர்டு மெம்பரானார். அதற்கு அவரைவிட அதிகம் அலைந்தவள் அவருடைய அக்கா கோமதித்தாய். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். வீடு வீடாகப் போய், "நம்ம ஊர்க் காரியத்த நாமளே பாக்கதுக்குத்தான போர்டு? என் தம்பிக்குப் போடுங்க, செய்வான்" என்று ஓட்டுக் கேட்டாள்.

அவள் குடியிருந்த தெருவில் மழைத்தண்ணீர் வடிய வழியில்லை. அந்த ஐப்பசியில் காலரா வந்து நான்கு பிள்ளைகள் போய்விட்டன. சண்முகையா கூட்டம் தவறாமல் பேசிப் பேசி, தெருவுக்குக் கல் சாக்கடை கட்டத் தீர்மானம் வாங்கினார்.

சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்தபோது, மூன்று வீட்டுக்காரர்கள் புறம்போக்கில் இழுத்துக் கட்டியிருந்தது தெரிந்தது. அதில் ஒன்று, கோமதித்தாய் தன் கையால் மண் குழைத்துக் கட்டிய அடுப்படி.

"அங்கன மட்டும் கொஞ்சம் வளைச்சுட்டுப் போகச் சொல்லுலே" என்றாள்.

"வளைச்சா தண்ணி ஓடாதுக்கா. மத்த ரெண்டு வீட்டுலயும் இதத்தான் கேக்குதாங்க. அவங்களுக்கு முடியாதுன்னுட்டு ஒனக்கு மட்டும் எப்படிச் செய்ய?"

"அவங்களும் நானும் ஒனக்கு ஒண்ணாலே?"

மறுநாள் போர்டு கூட்டத்தில், இடிப்பதற்கு அவரும் கை தூக்கினார்.

இடிக்க ஆள் வந்த அன்று அவள் பானை சட்டிகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஓடிப்போய் ஒரு பானையைத் தூக்கினார்.

"மெம்பர் ஐயா தொட வேண்டாம்" என்றாள். அதன்பிறகு அவரோடு பேசவேயில்லை.

அடுத்த மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. காலராவும் அந்தப் பக்கம் வரவில்லை. அதை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. கூடப்பிறந்தவள் அடுப்பையே இடித்தவன் என்றுதான் பேசினார்கள். அடுத்த தேர்தலில் அந்தத் தெருக்காரர்களே அவரைத் தோற்கடித்தார்கள்.

1957 தை மாதம் கோமதித்தாய் இறந்துபோனாள். அவள் உடலில் போர்த்த, பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு சண்முகையா போனார். அவள் மகன் இசக்கிப்பாண்டி வாசலிலேயே மறித்தான்.

"வேண்டாம் மாமா. அம்மா சொல்லிட்டுப் போயிருக்கா."

அவர் மல்லுக்கு நிற்கவில்லை. தெருவின் எதிர்ச் சாரியில் போய் உட்கார்ந்தார். பாடைத் தேர் கிளம்பியதும் எழுந்து, எல்லோருக்கும் பின்னால், சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு சுடுகாடுவரை நடந்தார்.