மாங்கா வைரமும் என் வயித்தெரிச்சலும்

வைரம் வாங்க வருகிறவர்கள் கடையின் ஏசியைப் பார்ப்பார்கள், எங்கள் சேலையைப் பார்ப்பார்கள், பக்கத்து நாற்காலிக்காரர் என்ன வாங்குகிறார் என்று பார்ப்பார்கள். வைரத்தை மட்டும் பார்க்க மாட்டார்கள். தர்மபுரி டவுனில் ஒரு நகைக்கடையின் வைரக் கவுன்டரில் ஒன்பது வருஷம் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன். கவுன்டருக்குப் பின்னால் சிரித்தபடி நின்று கால் வீங்கிப்போன சக ஜீவன்களே, உங்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒரு பக்கம் கூராக, மறுபக்கம் உருண்டையாக இருக்கும் ‘பேர் ஷேப்’ வைரத்தை எங்கள் பக்கத்து ஜனங்கள் ‘மாங்கா டிசைன்’ என்றுதான் கேட்பார்கள். என் ரத்தக் கொதிப்பில் பாதி அந்த மாங்காய் கொடுத்ததுதான்.

பேப்பர் படிக்க வந்தவர்

பாப்பாரப்பட்டியிலிருந்து ஒரு ரைஸ்மில்காரர், மனைவிக்கு மோதிரம் எடுக்க வந்தார். சாமணத்தால் கல்லை எடுத்து வெள்ளைத் தாள்மேல் வைத்தேன். அவர் கல்லைத் தள்ளிவிட்டு சர்டிபிகேட்டைக் கையில் எடுத்தார். அரை மணி நேரம் வரிவரியாகப் படித்தார். போட்டோ எடுத்து பெங்களூர் மச்சானுக்கு அனுப்பினார். மச்சான் பதிலுக்குக் கட்டைவிரல் படம் அனுப்பியதும் பில் போடச் சொன்னார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தக் கல்லின் நடுவில், ரிப்பன் கட்டிய மாதிரி குறுக்கே ஒரு கறுப்பு நிழல் இருந்தது. இந்த டிசைனில் ஓரளவு நிழல் இருக்கும்தான். இதில் பாதிக் கல் இருட்டு. அந்த நிழலை எழுத சர்டிபிகேட்டில் கட்டமே கிடையாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். “ஒரு தடவை அசைச்சுப் பாருங்க சார், வேற கல்லும் இருக்குது” என்று லென்ஸை நீட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, மோதிரம் போடப்போகிற மனைவி எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டினார். அதற்குள் ரைஸ்மில்காரர் சர்டிபிகேட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: “கல்லுல என்னங்க இருக்குது? நாளைக்கு விக்கப்போனா பேப்பரத்தான கேப்பாங்க!”

கண்ணீர்ச் சொட்டு

கம்பைநல்லூர்ப் பெண் ஒருத்தி, ஆஸ்பத்திரி நர்ஸ். தன் நிச்சயதார்த்த மோதிரத்தைத் தன் சம்பளத்திலேயே எடுக்க வந்தாள். கல்லைக் கவிழ்த்து நிறம் பார்த்தாள், இரண்டு பக்கமும் சமமாக வளைந்திருக்கிறதா என்று பார்த்தாள், முனை பத்திரமாக இருக்குமா என்று கேட்டாள். என் வேலையில் அப்படி ஒரு நாள் கிடைப்பது அபூர்வம். நல்ல கல்லாகத் தேர்ந்தெடுத்தும் விட்டாள்.

கூட வந்த வருங்கால மாமியார் அதுவரை போனில் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி ஒரே ஒரு பார்வை. “இதென்ன, கண்ணீர்ச் சொட்டாட்டம் இருக்குது! நல்ல காரியத்துக்கு இதையா எடுப்பாங்க?” என்று சொல்லி, உருண்டையாக, மங்கலாக இருந்த ஒரு கல்லைக் காட்டினார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். “மேடம், காசு குடுக்கறது அவங்க. அவங்களுக்குப் புடிச்சத எடுக்கட்டுமே” என்றேன், கொஞ்சம் சூடாகவே. மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்: “காசு அவளுதா இருந்தா என்ன? கையி எங்க வூட்டுக்குத்தான வரப்போவுது!”

யூடியூப் நிபுணர்

இவர் வரும்போதே “நானே டெஸ்ட் பண்ணிக்கறேன்” என்றுதான் வந்தார். மூச்சை ஊதிப் பார்த்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் கல்லை அதில் போட்டார். சரி, போகட்டும் என்றிருந்தேன். திடீரென்று கல்லை இரண்டு விரலில் இறுக்கிப் பிடித்து, அதன் கூர்முனையை எங்கள் கவுன்டர் கண்ணாடியில் வைத்து ‘க்ரீச்’ என்று ஒரே இழுப்பு. “சார், சார்!” என்று நான் கையைப் பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

கண்ணாடியில் கோடு. லென்ஸில் பார்த்தால் முனையில் ஒரு சின்னத் துணுக்கு தெறித்திருந்தது. வைரத்தில் சுலபமாகக் கீறல் விழாது, ஆனால் மெல்லிய முனையில் அழுத்தம் பட்டால் தெறிக்கும். அதனால்தான் இந்த டிசைனில் முதலில் முனையைப் பார் என்கிறோம். அழாத குறையாக இதை அவருக்கு விளக்கினேன். மேனேஜர் ஓடி வந்தார், என் பக்கம் பேசுவார் என்று நம்பினேன். அவர் அந்த ஆளுக்குக் கூல்டிரிங்க்ஸ் சொன்னார். அதை உறிஞ்சிக்கொண்டே அந்த ஆள் தீர்ப்புச் சொன்னார்: “ஒரிஜினல் வைரம் ஒடையாதுங்க. நல்ல வேள, வாங்கறதுக்கு முன்னயே உங்க டூப்பக் கண்டுபுடிச்சேன்!”

கொக்கிக்கு அடியில்

அடுத்த மாதம் அதே கல் ஒரு டாலரில் பதிந்து என் கவுன்டருக்கே திரும்பி வந்தது. கல்லின் விளிம்பில் பொடி எழுத்தில் இருக்கும் நம்பரைப் பார்த்தேன், அதேதான். உடைந்த முனையை மூடி அகலமாக ஒரு தங்கக் கொக்கி வைத்துவிட்டார்கள். விலை பழைய விலை.

அன்றைக்கு அதியமான்கோட்டையிலிருந்து மாதப்பனும் அவர் மனைவி பச்சையம்மாவும் வந்தார்கள். சாமந்தித் தோட்டம் வைத்திருக்கிறவர்கள். மகள் கல்யாணத்துக்கு அவள் ஆசைப்பட்ட மாங்கா டாலர் வேண்டும். மேனேஜர் இதையே எடுத்துக் காட்டச் சொல்லிவிட்டு என் பின்னாலேயே நின்றார். மாதப்பன் டாலரைத் தொடக்கூட இல்லை. “எங்களுக்கு இதுல ஒண்ணுந் தெரியாதுங்கம்மா. நல்லாருக்குதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, எடுத்துக்கறோம்” என்றார்.

அந்த ஒரு வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. லென்ஸை அவர் கையில் கொடுத்து, டாலரைச் சாய்த்துப் பிடித்து, “இந்தக் கொக்கிக்கு அடியில பாருங்க, முனை தெறிச்சிருக்குது. இது வேணாங்கண்ணா” என்றேன். மாதப்பன் பார்த்தார், பச்சையம்மா பார்த்தார், டாலரை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். மேனேஜர் என்னை ஸ்டாக் ரூமுக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு கத்தினார்: “ஒன்ன கல்லக் காட்டத்தான மல்லிகா வெச்சிருக்குது, பாக்கறதுக்கா வெச்சிருக்குது?”

சேலத்தில் ஒரு நாள்

மறுநாளே என்னை வெள்ளிக் கொலுசுக் கவுன்டருக்கு மாற்றிவிட்டார்கள். வைரக் கவுன்டரில், நேற்று வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி நின்றாள். அவளுக்கு லென்ஸை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியவில்லை. எனக்குக் கோபத்தில் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, கொலுசு பார்க்கிற மாதிரி வந்து உட்கார்ந்தார் பச்சையம்மா. “சேலத்துல ஒரு கடையப் பாத்திருக்கறோம். நீங்க கூட வந்தாத்தான் எடுப்போம்” என்று மெதுவாகச் சொன்னார். என் லீவு நாளில் போனேன்.

முதல் கல்லைக் கவிழ்த்து வைத்தேன். முனையில் மஞ்சள் தேங்கி நின்றது. இரண்டாவது கல்லுக்கு ஒரு பக்க வளைவு, தோள் சரிந்த மாதிரி, இறங்கியிருந்தது. மூன்றாவதில் நிழல் லேசுதான், முனை சுத்தம், விளிம்பு நம்பரும் சர்டிபிகேட் நம்பரும் ஒத்துப்போயின. முனையைச் சுற்றிப் பிடிக்கிற மாதிரி பதித்துத் தரச் சொன்னேன். பச்சையம்மா லென்ஸைக் கேட்டு வாங்கி, மூன்று கல்லையும் மறுபடி முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தார். அந்தக் கடைப் பையன்தான் பொறுக்க முடியாமல், “ஏங்க, நக வாங்க வந்தீங்களா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தீங்களா?” என்றான். கண்ணிலிருந்து லென்ஸை எடுக்காமலே பச்சையம்மா பதில் சொன்னார்: “மாடு வாங்கப்போனா வாயத் தொறந்து பல்லப் பாக்கறோம். அதுவே கோவிச்சுக்கறதில்ல, ஒனக்கென்னப்பா கோவம்?”

வைரம் பார்க்கத் தெரிந்த ஒருத்தியை வைரக் கவுன்டரில் நிற்க வைப்பது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று புரிந்துகொள்ள எங்கள் கடைக்கு ஒன்பது வருஷம் ஆனதை நினைத்தால், அவர்கள் வியாபாரத் திறமைமேல்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது.