எரிக் அண்ணன் சூட்டு, சரோஜாக்கா கண்ணு

போன மாசம் ஒரு நாள் காலைல, என் பஞ்சர் கடைல மொபெட் ட்யூப் ஒண்ண தண்ணித் தொட்டில அமுக்கிப் பாத்துக்கினு இருந்தேன். எதிர்ல எஸ்டிடி பூத்துக்காரரு கத்தினாரு: "பாபு, உங்க வெள்ளைக்காரரு செத்துட்டாராம்டா! அவரு தங்கச்சி போன் பண்ணாங்க. தண்ணில வேல செய்ற எடத்துலயாம்." அதுக்கு மேல அவருக்கு இங்கிலீஷ் புரியல.

எரிக் அண்ணனத் தெரியாதவங்க செங்கம் ரோட்டுல கம்மி. வருஷத்துல பாதி நார்வேல கப்பலுக்கு அடில போயி வெல்டிங் வெப்பாரு. மீதி பாதி இங்க சரோஜாக்கா வீட்டு மாடி ரூம்பு. ஆசிரமத்துல போயி கண்ண மூடி உக்காருவாரு. "தியானமாண்ணா?"ன்னு கேட்டா, "இல்ல பாபு, தூக்கம். அங்க நல்லா வருது"ன்னுவாரு. பொய் சொல்லத் தெரியாத ஆளு.

தண்ணிக்குள்ள போட்டுக்கினு போற சூட்ட எப்பவும் கூடவே எடுத்துனு வருவாரு. காலுலேர்ந்து கழுத்து வரைக்கும் ஒரே துண்டு, ஒரு சொட்டு உள்ள போவாது. கழுத்துல மெல்லிசா ஒரு ரப்பர் பட்டை, தோலோட ஒட்டிப் புடிச்சிக்கும். அதுதான் சீல். உள்ள இருக்க சொல்ல அது கிழிஞ்சா ஐஸ் தண்ணி எறங்கிடும், ஆளு காலி. ஒரு பௌர்ணமி அன்னிக்கு அத மொட்ட மாடில காயப் போட்டிருந்தாரு. கிரிவலம் போன ஒரு அம்மா அண்ணாந்து பாத்து, "ஐயோ, ஆளு தொங்குது!"ன்னு கத்த, கூட்டமே நின்னுடுச்சி. அண்ணன் மாடிலேர்ந்து கும்புடு போட்டு, "நான் இங்க இருக்கேம்மா, அது என் சட்ட"ன்னாரு.

இந்த வாட்டி ஊருக்குக் கெளம்ப ரெண்டு நாள் இருக்க சொல்ல, சூட்ட போட்டுப் பாத்தாரு. தல நுழையும்போதே சீல் கிழிஞ்சிது. தொட்டா கொழகொழன்னு இருக்குது. சரோஜாக்கா ஓடியாந்தாங்க.

"அதுல வெள்ளையா பவுடர் இருந்துச்சி தம்பி. பூஞ்சக் காளான்னு நெனச்சி தொடச்சிட்டு, ரப்பரு வெடிக்காம இருக்கட்டும்னு தேங்காண்ணெ தடவி வெச்சேன்."

அந்த பவுடரு, ரப்பரு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க அண்ணன் போட்டது. எண்ணெ பட்டா அந்த ரப்பரு ஊறி செத்துடும். அக்காவுக்கு என்னா தெரியும்? நான் பட்டுனு, "யாருக்கா உன்ன தடவ சொன்னது? அது என்னா உன் தலையா?"ன்னு கேட்டுட்டேன். அக்கா மூஞ்சி சுருங்கிடுச்சி.

"பாபு, வாய மூடு. போயி கொடத்த எடுத்துனு வா"ன்னாரு அண்ணன்.

பொட்டில புது சீல் ஒண்ணு இருந்துச்சி. பசை டப்பாதான் நம்ம வெயில்ல கல்லா காஞ்சி கெடந்துச்சி. என் கடை பஞ்சர் சொல்யூஷன எடுத்துனு போனேன். பழைய சீல வெட்டிட்டு, சூட்டுக் கழுத்த எண்ணெ போக சோப்பு போட்டுக் கழுவி காய வெச்சோம். அக்காவோட எவர்சில்வர் கொடத்த உள்ள வுட்டு கழுத்த இழுத்து மாட்டி, புது சீல ஒட்டி, சப்பாத்திக் கட்டையால உருட்டி அமுக்கினோம். மறுநாள் கழுத்துல கொடம் அப்பிடியே இருக்க, சூட்டுக் கை ரெண்டுலயும் சொம்ப வெச்சி அடைச்சி, நெஞ்சாண்ட இருக்கற வால்வுல சைக்கிள் பம்பால காத்தடிச்சோம். நான் சோப்புத் தண்ணி தடவிப் பாத்துட்டு, "சூப்பர்ணா"ன்னேன்.

அண்ணன் வுடல. பிரஷ்ஷ வாங்கி அக்கா கைல குடுத்தாரு. "ஒட்டினவன் பாக்கக் கூடாது. அவனுக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியும். நீங்க பாருங்கக்கா."

அக்கா பயந்துக்கினே சுத்தி வந்தாங்க. பின்னங்கழுத்தாண்ட நின்னாங்க. "தம்பி, இங்க மூச்சு வுடுது." நெசமாவே சின்னதா ஒரு குமிழி. பிரிச்சி, தொடச்சி, மறுபடி ஒட்டினேன். அக்கா மறுபடி பாத்தாங்க. குமிழி வரல. "அக்கா பாஸ் பண்ண சூட்டு"ன்னு சொல்லிட்டு அண்ணன் ஏர்போர்ட் கார் ஏறினாரு.

போயி ரெண்டு மாசம் கூட ஆவல, இந்த போன்.

"என் எண்ணெதான்டா பாபு. நான்தான் கொன்னுட்டேன்"ன்னாங்க அக்கா. அன்னிலேர்ந்து தலைக்கு எண்ணெயே வெக்கல. பரட்டத் தலயோட சுத்தினத பாக்க முடியல. எண்ணெ அவங்களுது, ஆனா ஒட்டினது என் கையி. நாலாம் நாள் பூத்துக்குப் போயி அந்த தங்கச்சிக்கு போன் போட்டேன். பாலிடெக்னிக்க பாதில வுட்டவன் இங்கிலீஷ்ல, "சிஸ்டர், நெக் வெட்? வாட்டர் இன்சைட்?"னு நேரா கேட்டேன். அந்தம்மா அழுதாங்க. அப்புறம் மெதுவா, எனக்குப் புரியிற மாதிரி சொன்னாங்க.

அண்ணன் வேலைய முடிச்சிட்டு மேல வந்துட்டாராம். சூட்ட அவரே கழட்டி மாட்டிட்டு காப்பி கேட்டாராம். காப்பி வரதுக்குள்ள நெஞ்சு நின்னுடுச்சாம். உள்ள போட்டிருந்த பனியன் தங்கச்சி கிட்டதான் இருக்குதாம். "ட்ரை. ஆல் ட்ரை"ன்னாங்க.

ஓடிப் போயி அக்கா கிட்ட சொன்னேன்.

"கழுத்தாண்ட?"

"கழுத்தாண்டயும் காஞ்சிதான்க்கா இருந்துச்சாம்."

அதுவரைக்கும் பயந்து அழுதவங்க, அப்பதான் அவருக்காக அழுதாங்க. மறுநாள் எண்ணெ வெச்சி தல சீவியிருந்தாங்க.

அவரத் தெரிஞ்ச ஒவ்வொருத்தர் கிட்டயும் அவருது ஏதாவது ஒண்ணு இருக்கும். என் கிட்ட இருக்கறது இதுதான்: ட்யூப் ஒட்டின பின்னாடி நானே பாத்து முடிக்கிறதில்ல. தொட்டில அமுக்கிட்டு வண்டிக்காரரக் கூப்புடுறேன். "நீங்க பாருங்க, குமிழி வருதா?" சிரிக்கிறாங்க. ஆனா குனிஞ்சி பாக்கறாங்க.

எரிக்ணா, உங்க சூட்டையும் வேற ஒருத்தங்கதான் பாத்தாங்க. குமிழி வரல.